நட்டவர்க்கு ஈடு

இலங்கையில் காணிச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. 1971ஆம் ஆண்டு ஏப்ரலில் இளைஞர் கிளர்ச்சி எழுந்து இரத்தத்தில் அடக்கப்பட்ட பின்னர், 1972ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அச்சட்டம் வந்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலத்தின் உச்ச வரம்பு 50 ஏக்கர்; நெற்காணியாயின் 25 ஏக்கர். அதற்கு மேற்பட்டதெல்லாம் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவின் உடைமையாகும் என்றது சட்டம். இவ்வாறு ஏறத்தாழ 5 இலட்சத்து 60 ஆயிரம் ஏக்கர் அரசின் கைக்கு வந்தது. ஆனால் பொதுக் கம்பனிகளின் தோட்டங்களை அச்சட்டம் தொடவில்லை. எங்கள் ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்துப் பெருந்தோட்டங்களோ பெரும்பாலும் கம்பனிகளுக்கே உரியவை. 1975ஆம் ஆண்டு ஒக்டோபரில் வந்த திருத்தச் சட்டம்தான் அவற்றை எடுத்தது. மேலும் 4 இலட்சத்துக்கு அதிகமான ஏக்கர் அரசுடைமையாயிற்று. இரண்டும் சேர்ந்தால் கிட்டத்தட்ட பத்து இலட்சம் ஏக்கர்!

நிலத்தை எடுத்தால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். எவ்வளவு கொடுப்பது நியாயம் என்று அன்று நிறையப் பேசினார்கள். யாருக்குக் கொடுப்பது நியாயம் என்று எவ்வளவு பேசினார்கள்? இவ்விரண்டாவது கேள்வியைத்தான் நான் இங்கே எழுப்ப விரும்புகிறேன். நான் சட்டம் படித்தவனல்லன். பொருளியல் வல்லுநனும் அல்லன். லயத்துக் காம்பராவொன்றில் பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்று, இன்று ஹற்றனுக்கு அண்மையில் ஓர் இடைநிலைப் பாடசாலையில் ஆசிரியனாக இருப்பவன். என் பெயரில் ஒரு பேர்ச் நிலமும் இல்லை. ஆகவே இப்பிரச்சினையில் நான் நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆயினும் நியாயம் என்பது நமக்கு வேண்டியவர்க்கு மட்டும் பேசுவதன்று. எனவே, முதலில் மறுபக்கத்தைப் பேசிவிடுகிறேன்.

பேராதனையில் என்னோடு விடுதியில் ஒரே அறையில் இருந்தவன் ஒரு சிங்கள நண்பன், கேகாலைப் பக்கத்தவன். அவனுடைய பாட்டனார் துரையுமல்லர், பிரபுவுமல்லர். கொஞ்சம் றப்பர், கொஞ்சம் தென்னை என்று எண்பது ஏக்கருக்குக் குறையாமல் வைத்திருந்தவர். ஐம்பதை விட்டு மிஞ்சியதை அரசு எடுத்துக்கொண்டது. அந்த இழப்பீட்டுக்காக அவர் எத்தனையோ ஆண்டுகள் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினாராம். கடைசியில் பணம் கைக்கு வந்தபோது அது பழைய பெறுமதியில் இல்லை. அரிசியும் சீனியும் துணியும் விலையேறி, காகிதத்தில் எழுதிய தொகையை அரித்துத் தின்றுவிட்டன. "மச்சான், நிலம் போனதுக்கு அவர் அழேல்ல, தன்னைப் பிச்சைக்காரனைப் போல நிற்க வைச்சதுக்குத்தான் அழுதார்" என்று நண்பன் சொன்னான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தருவதென்று சொன்னதைக் காலத்தில் தருவது அரசின் கடமை. தாமதமும் ஒரு வகைப் பறிமுதலே.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நண்பனின் பாட்டனாருக்கு ஐம்பது ஏக்கர் எஞ்சியிருந்தது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் நிலத்தைக் கைமாற்றிக் கொடுக்க 1972ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருந்தது. பிள்ளைகள் பலருள்ள செல்வக் குடும்பங்கள் அந்த வாயிலை நன்கு பயன்படுத்திக்கொண்டன. மேலும் அவர் யாரிடம் போய்க் கேட்கவேண்டும், எந்தப் பத்திரத்தைக் காட்டவேண்டும் என்பதையாவது அறிந்திருந்தார். இழப்பீடு தாமதமாகலாம், குறையலாம். ஆனால் அவர் பெயர் ஒரு கோப்பில் இருந்தது. கோப்பிலேயே பெயர் இல்லாதவர்களைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

சரி, எடுத்த நிலத்துக்கு எவ்வளவு கொடுப்பது? உலகம் முழுவதும் சென்ற நூற்றாண்டில் இக்கேள்வி எழுந்தது. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விடை சொன்னது.

சந்தை விலையைக் கொடு என்பது ஒரு விடை. பாதை போட, பாடசாலை கட்ட அரசு நிலம் எடுத்தால் அப்படித்தான் கொடுக்கிறது. நமது 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டமும் சந்தைப் பெறுமதியையே அடிப்படையாகக் கொண்டது. ஆனால் நாடு முழுவதும் நிலவுடைமையை மாற்றியமைக்கப் புறப்பட்ட அரசு சந்தை விலை கொடுக்க முடியுமா? ஓர் ஏழை நாடு அத்தனை பணத்துக்கு எங்கே போகும்? அப்படிக் கொடுத்தால் நிலப்பிரபு பணப்பிரபுவாக மாறுவான். கடனைக் குடியானவன் தலைமுறை தலைமுறையாகச் சுமப்பான். இந்தியாவில் இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மேற்கு வங்காளத்துப் பேலா பானர்ஜி வழக்கில் 1953ஆம் ஆண்டு நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, இழப்பீடு என்றால் இழந்ததற்குச் சமமான ஈடு என்றது. 1955ஆம் ஆண்டு பாராளுமன்றம் அரசியலமைப்பை நான்காவது முறையாகத் திருத்தி, ஈடு போதுமா போதாதா என்பதை நீதிமன்றம் கேட்கலாகாது என்று சொல்லிவிட்டது. நிலச் சீர்திருத்தம் நடக்க வேண்டுமாயின் வேறு வழியில்லை என்பது அன்றைய தலைவர்களின் வாதம்.

விளைச்சலைக் கொண்டு கணக்கிடு என்பது மற்றொரு விடை. 1953ஆம் ஆண்டு தாய்வானில் நிலத்தின் முக்கிய விளைச்சலில் ஆண்டொன்றுக்குக் கிடைப்பதைப் போல் இரண்டரை மடங்கு என்று விலை வைத்தார்கள். அதில் நூற்றுக்கு 70 பங்கு நெல்லாகவும் வற்றாளங்கிழங்காகவும் மதிப்பிட்ட கடன் பத்திரங்கள். எஞ்சிய 30 அரசாங்கத் தொழில் நிறுவனங்களின் பங்குகள். பணவீக்கம் ஈட்டைத் தின்னாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. ஜப்பானில் உலகப் போரின் பின் அவ்வாறு செய்யவில்லை. பழைய விலையிலேயே நிலத்தை எடுத்தார்கள். விலைவாசி பன்மடங்கு ஏறிற்று. நிலப்பிரபுக்கள் பெற்ற பத்திரங்கள் வெறுங்காகிதமாயின. ஆயினும் குத்தகைக் குடியானவன் நிலச் சொந்தக்காரன் ஆனான்.

மூன்றாவது விடை எனக்கு மிகவும் பிடித்தது. குவாத்தமாலா என்னும் சிறிய நாட்டில் 1952ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆர்பென்ஸ் நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்தார். அங்கே அமெரிக்க யுனைற்றட் ஃபுரூட் கம்பனிக்கு ஏராளமான தரிசு நிலம் இருந்தது. வரி கட்டுவதற்காக நிலத்தின் பெறுமதி இவ்வளவுதான் என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாயே, அதையே தருகிறோம் என்றது அரசு. கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 6 இலட்சத்து 27 ஆயிரம் டொலர். கம்பனிக்காக அமெரிக்க அரசு கேட்டதோ ஒரு கோடியே 58 இலட்சம் டொலருக்கும் அதிகம்! வரி கட்டும்போது ஒரு விலை, விற்கும்போது வேறு விலை. கணக்குத் தீருமுன் 1954ஆம் ஆண்டு ஆர்பென்ஸின் அரசு கவிழ்க்கப்பட்டது. இழப்பீட்டுப் பிரச்சினை கணிதப் பிரச்சினை மட்டுமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இலங்கைச் சட்டம் ஈடு கொடுக்க மறுக்கவில்லை. உடைமையாளர்க்குரிய தொகையைப் பணமாகவும் காணிச் சீர்திருத்தப் பிணைமுறிகளாகவும் கொடுக்க அது ஏற்பாடு செய்தது. இலண்டனில் பதிவுபெற்ற ஸ்ரேலிங் கம்பனிகளும் ஈடு கேட்கும் உரிமையோடே வெளியேறின. வெள்ளைக்காரக் கம்பனிக்கு ஏன் கொடுத்தார்கள் என்று இன்று நான் சண்டைக்கு வரவில்லை. தேயிலையை வாங்குபவனும் கடன் கொடுப்பவனும் அவர்களாக இருக்கையில், சிறு நாடொன்று எவ்வளவு தூரம் முறைத்துக்கொள்ள முடியும்? நான் கேட்பது வேறு. எந்தப் பெறுமதிக்கு ஈடு கொடுத்தார்கள்? அந்தப் பெறுமதி எங்கிருந்து வந்தது?

இம்மலைகளின் கதையை ஒருமுறை திருப்பிப் பார்ப்போம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்றது. கண்டிச் சிங்களக் குடியானவன் சேனை வெட்டிய காட்டுக்கும் மாடு மேய்த்த புல்வெளிக்கும் அவனிடம் என்ன பத்திரம் இருந்தது? அரசன் தந்த வழக்கம் இருந்தது; பாட்டன் பூட்டன் காலத்து அனுபோகம் இருந்தது; காகிதம் இல்லை. அந்த நிலம் ஏக்கர் ஐந்து சிலிங் விலைக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களே பலர். விற்றவனும் அவன், வாங்கியவனும் அவன்! அன்று அக்குடியானவனுக்கு ஈடு எவரும் கொடுக்கவில்லை.

ஐந்து சிலிங்குக்கு வாங்கியது காடு. காட்டைக் கம்பனி விற்கவில்லை. தேயிலைத் தோட்டத்தை விற்றது. காட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையில் என்ன நடந்தது? மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்கள், வழியிலேயே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் போக எஞ்சியவர்கள், காட்டை வெட்டினார்கள், கல்லைப் பெயர்த்துக் கட்டினார்கள், கான் வெட்டினார்கள், குழி வெட்டினார்கள், முதலில் கோப்பியை நட்டார்கள். 1869ஆம் ஆண்டு கோப்பியில் இலைநோய் தோன்றிச் சில ஆண்டுகளில் அது அழிந்தபோது, அதைப் பிடுங்கித் தேயிலையை நட்டார்கள். ஜேம்ஸ் ரெயிலர் 1867ஆம் ஆண்டு லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். நானும் வகுப்பில் சொல்கிறேன். பத்தொன்பது ஏக்கரிலும் குழி வெட்டியவர் பெயர் ஒன்றாவது புத்தகத்தில் உண்டா?

தேயிலை நட்டவுடன் கொழுந்து தராது. கொழுந்து எடுக்கும் வரை ஆண்டுக்கணக்கில் புல்வெட்ட வேண்டும், மண் அரியாமல் காக்க வேண்டும், நிழல்மரம் வளர்க்க வேண்டும். பின்னர் சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து. மதிப்பீட்டாளன் வந்து ஏக்கருக்கு இவ்வளவு என்று எழுதுகிறானே, அந்தத் தொகையில் ஐந்து சிலிங் எவ்வளவு, உழைப்பு எவ்வளவு? பாதையும் பாலமும் தொழிற்சாலையும் உழைப்பு. தேயிலைச் செடி ஒவ்வொன்றும் உழைப்பு. முதலாளி மூலதனம் போட்டான் என்பர். போட்டான், மறுக்கவில்லை. அம்மூலதனத்தை நூறாண்டு இலாபமாகப் பலமுறை திரும்ப எடுத்தும்விட்டான். ஒருமுறை இலாபமாக எடுத்ததை மறுமுறை இழப்பீடாகவும் எடுப்பது எந்தக் கணக்கில் நியாயம்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பதினோராம் வகுப்பு மாணவருக்குக் கட்டுரைப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். காணிச் சீர்திருத்தம் பற்றிய ஒரு பந்தியைக் கரும்பலகையில் எழுதினேன். 'உடைமையாளர்க்கு நட்டஈடு வழங்கப்பட்டது' என்று அதில் ஒரு வரி. கடைசி வாங்கிலிருந்த ஒரு மாணவி எழுந்து, "சேர், நட்டஈடு எண்டா நட்டதுக்கு ஈடா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "அப்பிடியெண்டா எங்க ஆளுங்களுக்குத்தானே சேர் குடுத்திருக்கணும்? நட்டது அவங்கதானே?"

அது வடசொல்லின் வழிவந்த 'நட்டம்', இழப்பு என்று பொருள், நடுதல் என்ற வினையோடு அதற்கு உறவில்லை என்று நான் இலக்கணம் சொன்னேன். ஆசிரியன் சொல்லவேண்டியதைத்தான் சொன்னேன். ஆயினும் அப்பிள்ளையின் பொருள்கோள் சட்டத்தின் பொருள்கோளைவிட நேர்மையானது என்பதையும் வகுப்பிலேயே சொன்னேன். ஈடு என்ற சொல்லைத் தமிழில் எத்தனை விதமாக வழங்குகிறோம்! ஈடு என்றால் ஒப்பு. ஈடு என்றால் அடைமானம். ஈடு என்றால் வலிமை. அடைமானமாக வைக்கப்பட்டவர்கள் நாம்; வலிமையைக் கொடுத்தவர்கள் நாம்; ஒப்பு என்ற பொருள் மட்டும் நமக்கு வரவில்லை.

அடைமானம் என்று நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. துண்டு முறை என்று ஒன்று இங்கே இருந்தது. தொழிலாளியின் பிரயாணச் செலவு, முற்பணம், அரிசிக் கடன் எல்லாம் அவன் தலையில் கணக்கெழுதப்படும். வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் இத்தனை ரூபாய் கடன் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார்கள். அக்கடனைத் தீர்க்கும் தோட்டம் அவனை எடுத்துக்கொள்ளும். துண்டு கையில் இல்லாதவனுக்கு எங்கும் வேலையில்லை. இம்முறை 1921ஆம் ஆண்டு சட்டத்தால் தடைசெய்யப்படும் வரை நடந்தது. ஆகவே தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் ரூபாய்க் கணக்கில் விலை போட எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவன் நட்டதற்கு விலை போடத்தான் எவருக்கும் தெரியவில்லை.

இதிலும் நாம் தனித்தவர்கள் அல்லோம். 1833ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. போற்ற வேண்டிய செயல். அதற்காக இரண்டு கோடி பவுண் இழப்பீடும் ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளின் சொந்தக்காரருக்கு! அடிமைகளாயிருந்தவர்க்கு ஒரு பென்னியும் இல்லை. அந்த இழப்பீட்டுக்காகப் பட்ட கடனை பிரித்தானிய அரசு 2015ஆம் ஆண்டில்தான் முற்றாகத் தீர்த்தது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுதலையாகிக் கோப்பி உற்பத்தி தளர்ந்தபோதுதான் இலங்கைக் கோப்பிக்கு யோகம் பிறந்தது. எம் முன்னோருக்கு இம்மலைக்கு வழி பிறந்தது. ஆளுவோரின் அகராதியில் இழப்பு என்பது உடைமை இழப்பு ஒன்றே. உழைப்பு இழப்பு அவ்வகராதியில் இன்னும் ஏறவில்லை.

காணிச் சீர்திருத்தம் வந்த காலத்தில் தோட்டத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் எம்மவரிற் பெரும்பாலோர் நாடற்றவர் ஆக்கப்பட்டிருந்தனர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைத் தலை எண்ணி, 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பின்னர் பார்ப்போம் என்று பங்கிட்டது. அந்த ஒன்றரை இலட்சமும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டது. இப்படிப் பங்கிடப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நிலத்தில் பங்கு கேட்க எந்த வாய் இருந்தது? நிலத்தை வாங்கினவர்க்குப் பிணைமுறி. நிலமற்ற கிராமத்தவர்க்குத் துண்டு நிலம் என்ற வாக்குறுதி. அந்நிலத்திலேயே பிறந்து வேலை செய்தவனுக்கு?

என் அப்பாயி இதற்கு விடை சொல்வார். 1974ஆம் ஆண்டு அவருக்கு முப்பது வயதிருக்கலாம். நாடெங்கும் உணவுப் பஞ்சம். தோட்டங்களில் வேலை நாள்கள் குறைந்தன. மாவும் அரிசியும் குறைந்தன. மலையகத்தில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. அவர் இருந்த சிறு தோட்டம் கைமாறிற்று. புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் இனி இங்கே உங்களுக்குப் பேர் இல்லை என்றார்களாம். "எங்கள இருன்னு சொல்ல ஆளில்ல, போன்னு சொல்ல மட்டும் ஆளு இருந்துச்சு, சாமி" என்பார். ஒரு கையில் அப்பாவையும், தலையில் அம்மியையும் சுமந்துகொண்டு, உறவினர் இருந்த வேறொரு தோட்டத்துக்கு நடந்தாராம். அம்மி எதற்கு அப்பாயி என்று கேட்டேன். "அது ஒண்ணுதானே நம்ம காசுல வாங்குனது" என்றார். அவர் பன்னிரண்டு வயதிலிருந்து கொழுந்தெடுத்த மலையில் அவருக்குச் சொந்தமென்று சொல்ல இருந்தது ஓர் அம்மி! அந்நாளில் எத்தனையோ குடும்பங்கள் இவ்வாறு வெளியேறி வவுனியா, கிளிநொச்சிக் காடுகளுக்குப் போயின.

1977ஆம் ஆண்டு மே மாதம் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தைப் பகிர்ந்தளிக்கும் திட்டம் வந்தபோது தொழிலாளர் எதிர்த்தெழுந்தனர். மே 11ஆம் நாள் டெவன் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் சிவனு இலட்சுமணன் என்னும் இளந்தொழிலாளி இறந்தார். நிலம் பிரிப்பதை அவர் எதிர்த்தது நிலம் கிராமத்து ஏழைக்குப் போகக்கூடாது என்பதற்காகவா? அன்று. அவர்களுக்குக் கொடுக்கையில் எங்களை எங்கே போகச் சொல்கிறீர்கள் என்பதே அவ்வெதிர்ப்பின் கேள்வி. அத்திட்டம் நின்றது. கேள்வி நிற்கவில்லை.

இங்கே நண்பர்கள் சிலர் இரண்டு தடைகளை எழுப்புவர். முதலாவது: தொழிலாளிக்குக் கூலி கொடுத்தாயிற்றே, அதற்குமேல் என்ன ஈடு? கூலி அன்றைய வயிற்றுக்கு. அதுவும் முழு வயிற்றுக்கன்று. நியாயமான கூலி கொடுக்கப்பட்டிருந்தால் மூன்று தலைமுறை உழைத்த குடும்பம் ஒன்று ஒரு வீட்டுத் துண்டாவது வாங்கியிருக்கும். கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே அத்தோட்டத்தின் பெறுமதியில் சேர்ந்து நின்றது. கம்பனிக்கு ஈடு கொடுத்தபோது அந்தப் பிடித்துவைத்த கூலிக்கும் சேர்த்தே கம்பனிக்குக் கொடுத்தோம். இரண்டாவது: இந்நிலம் கண்டிக் குடியானவனுடையது, அவனல்லவா முதல் உரித்தாளி? அவன் உரித்தாளிதான், ஐயமில்லை. அவன் நிலத்தை நாங்கள் எடுக்கவில்லை. எடுத்தவனே எங்களையும் கொண்டுவந்தான். ஒரே கை இருவரையும் வறியராக்கியது. அக்கை இழப்பீட்டை வாங்கிக்கொண்டு போய்விட, எஞ்சிய இருவரும் ஒருவர்மீதொருவர் பாய வேண்டுமா? சிங்கள விவசாயியின் நிலமின்மைக்குத் தமிழ்த் தொழிலாளியின் லயத்தைப் பரிகாரமாகக் காட்டியது சீர்திருத்தமன்று.

சட்டமே தவறு என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். பத்து இலட்சம் ஏக்கரைத் தனியார் கையிலிருந்து எடுத்தது பெரிய செயல். இந்தியாவில் தமிழ்நாடும் கேரளமும் நில உச்சவரம்பு வைத்தபோது தேயிலைத் தோட்டங்களைத் தொடத் தயங்கி விலக்களித்தன. இலங்கை அத்தயக்கத்தைக் கடந்தது. ஆனால் உடைமை மாறியது, உறவு மாறவில்லை. துரை போனார், துரை வந்தார். பெரட்டுக்களத்தில் நின்றவள் அங்கேயே நின்றாள். பின்னர் 1992ஆம் ஆண்டு தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் பிராந்தியக் கம்பனிகளிடம் போயிற்று. 53 ஆண்டுக் குத்தகையும் எழுதப்பட்டது. நிலம் இன்றும் அரசினுடையதே. குத்தகைப் பத்திரத்தில் அரசு இருக்கிறது, கம்பனி இருக்கிறது. நட்டவர் அங்கேயும் இல்லை.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சியிருந்த நாடற்றவர்க்கும் குடியுரிமை கிடைத்தது. நாடு கிடைத்த பின்னும் நிலம் கிடைக்கவில்லை. பின்னர் 7 பேர்ச்சஸ் காணியில் ஒரு தனி வீடு என்ற திட்டம் வந்தது. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். முன்னாள் உடைமையாளன் ஒருவன் சட்டப்படி வைத்துக்கொண்ட 50 ஏக்கரில் இத்தகைய துண்டுகள் ஆயிரத்துக்கு மேல் அடங்கும். ஏழு பேர்ச்சஸை நான் இகழவில்லை. லயத்துக் காம்பராவில் வளர்ந்தவன் எவனும் அதை இகழமாட்டான். அதைத் தானமென்று சொல்லும்போதுதான் என் மனம் ஒப்புவதில்லை. மேடையில் மாலை போட்டு நன்றி சொல்ல வைக்கிறார்கள். கடனைத் திருப்பிக் கொடுப்பவனுக்கு யாராவது மாலை போடுவதுண்டா?

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இம்மலைகளைப் பிளந்தது. மண்சரிவில் வீடுகளும் லயங்களும் புதைந்தன. காணியையும் வீட்டையும் இழந்தவனிடம் உன் உரிமைப் பத்திரம் எங்கே என்று கேட்பது அலுவலக வழக்கம். லயம் கம்பனியின் பொறுப்பில். மண் அரசின் பெயரில். இறந்த பிள்ளை மட்டும் தொழிலாளியுடையது. பத்திரமில்லாதவனுக்கு இழப்பும் இல்லை என்று சொல்லும் முறை, 1840ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

எனவே நியாயமான ஈடு எது என்று என்னைக் கேட்டால் நான் இவ்வாறு கணக்குச் சொல்வேன். உடைமையாளன் கொடுத்த விலையையும் உண்மையில் போட்ட முதலையும் முதலில் எழுதுக. அவன் எடுத்த இலாபத்தை அதிற் கழிக்க. எஞ்சுவது ஏதேனும் உண்டெனில் காலந்தாழ்த்தாது, பணவீக்கம் தின்னவிடாது, சிறியவர்க்கு முதலிலும் பெரியவர்க்குப் பின்னருமாகக் கொடுக்க. நிலத்தின் பெறுமதியில் உழைப்பால் கூடிய பங்கை உழைத்தவர் கணக்கில் எழுதுக. அப்பங்கைப் பணமாக அன்று, நிலமாகவே கொடுக்க: வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போதிய நிலம், மண்சரியாத இடத்தில், பெற்ற கடன் தீர்ந்தால் தருவோம் என்ற நிபந்தனையின்றி, கொழுந்தெடுக்கும் பெண்ணின் பெயரையும் சேர்த்தெழுதிய முழு உறுதிப்பத்திரத்துடன். அருகிலுள்ள கிராமத்தின் நிலமற்ற சிங்களக் குடும்பத்துக்கும் அதே அளவில், அதே நாளில். கைவிடப்பட்டுக் காடு படர்ந்த தேயிலை நிலம் இங்கே எத்தனையோ மலைகளில் கிடக்கிறது. நிலம் போதாது என்ற பேச்சை நான் நம்பவில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! பிணைமுறிகளின் காலம் முடிந்துவிட்டது; இழப்பீட்டுக் கோப்புகள் பல மூடப்பட்டுவிட்டன. ஆனால் குத்தகைக் காலம் இன்னும் முடியவில்லை. அது முடியும் நாளில் நிலம் யாருக்கு என்ற கேள்வி மறுபடியும் மேசைக்கு வரும். இன்று என் வகுப்பிலிருக்கும் பிள்ளைகள் அப்போது நடுவயதில் இருப்பார்கள். மதிப்பீட்டாளன் மீண்டும் மலையேறி வருவான். அவன் கையிலுள்ள படிவத்தில், இச்செடியை நட்டவர் யார் என்று ஒரு நிரல் இருக்கவேண்டும். அதை எழுதச் செய்யும் வேலையை இன்றே தொடங்குவோம். முதற்படியாக, உங்கள் தோட்டத்தில் முதியவர் எவரேனும் இருந்தால், எந்த ஆண்டு எந்த மலையில் என்ன வேலை செய்தார் என்று கேட்டு ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வையுங்கள். நான் என் அப்பாயியிடம் கேட்டு எழுதத் தொடங்கிவிட்டேன். கொப்பி பாதி நிறைந்திருக்கிறது.